பாலாற்று மணலில் மல்லியின் ஆட்டம்

சித்திரை, ஞாயிறு

ஷூ கம்பெனிக்கு லீவு. என் குதிரை மல்லிமேல் ஏறி, வறண்ட பாலாற்று மணலில் வெகுதூரம் போனேன். வெயிலில் இருவருமே பாதித் தூக்கத்தில் இருந்தோம். எங்கோ மேளம் கேட்டது. கல்யாண ஊர்வலங்களில் பழகியவள், உடனே ஆடத் தொடங்கிவிட்டாள். ஆனால் கரையிலிருந்து இறங்கி வந்தது சாவு ஊர்வலம். இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. கீழே குதித்து, "மன்னிச்சிக்கங்கண்ணா, கல்யாணத்துக்குப் போற குதிரை, அதுக்குத் தெரியாது" என்றேன்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் வந்தவர் மல்லியையே பார்த்தார். "உடுப்பா, ஆடட்டும். எங்கம்மா கல்யாணத்துல இதெல்லாம் ஏது?" என்றார்.

கடிவாளத்தைத் தளர்த்தினேன். பாடைக்கு முன்னால் சுடுகாடுவரை ஆடிக்கொண்டே போனாள்.

இப்போது கொட்டகையில் கண்மூடி நிற்கிறாள். முன்னங்காலை மட்டும் மெல்லத் தூக்கித் தூக்கி வைக்கிறாள். எந்த மேளம் கேட்கிறதோ.