பாயிண்ட் இடைவெளியும் கல்யாணப் பத்திரிகையும்

முருகன் துணை

திருத்தணி
13-3-1975

அன்புள்ள பரந்தாமனுக்கு நைனாவும் அம்மாவும் ஆசி கூறி எழுதுவது. எழுதும் கை மட்டும் உன் தங்கை பத்மாவுடையது. இங்கே எல்லோரும் சுகம், நைனாவின் வலது மணிக்கட்டு ஒன்றுதான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஜபல்பூரில் உனக்கு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கிறாள். திங்கட்கிழமை நைனா போட்ட கார்டில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் நின்றுவிட்டது, நெல் பால் பிடிக்கிற நேரம், லீவு போட்டு உடனே வா என்று இருக்கும். அதை மறந்துவிடு. வர வேண்டாம் என்று இன்று காலை தந்தியும் கொடுத்துவிட்டோம். ஆனால் தந்தியில் கதை எழுத முடியாது, உன் டிரேடு டெஸ்ட் கெட்டுவிடக் கூடாது என்று நாங்கள் பொய் சொல்கிறோம் என்றுதான் நீ நினைப்பாய். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதச் சொன்னார் நைனா. எஞ்சின் சமாச்சாரம் வந்ததும், அத்த நீயே உன் வார்த்தையில எழுது பாப்பா, எனக்கு இஸ்கூல் தமிழு வராது என்று விட்டுவிட்டார்.

அண்ணா, போன வெள்ளிக்கிழமை எஞ்சின் இருமி இருமி நின்றது. மூடியைக் கழற்றினால் பாயிண்ட் கருகிப் போயிருந்தது. சக்கரம் சுற்றும்போது திறந்து மூடி, எந்த நொடியில் பொறி விழ வேண்டும் என்று பிளக்குக்குச் சொல்கிற அந்தச் சின்ன ஜோடி. அரக்கோணம் மெக்கானிக் ராஜகோபால் ஊரில் இல்லை, பத்து நாள் ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமை நைனா கடையில் புதுப் பாயிண்ட் வாங்கி வந்து கண்பார்வையிலேயே மாட்டிவிட்டார். கயிறு சுற்றி இழுத்தபோது பொறி முந்தி விழுந்து எஞ்சின் எதிர்ப்பக்கம் உதறியது, கயிறு கையைத் திருகிவிட்டது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. இன்னும் ஐந்து நாள் தண்ணீர் இல்லையென்றால் ஒன்றரை ஏக்கரும் பதர்தான் என்றார். மறுநாள்தான் என்னை எழுதச் சொல்லி உனக்குக் கார்டு போட்டார்.

எனக்கு அந்தக் கார்டைத் தபாலில் போட மனமே வரவில்லை, ஆனாலும் போட்டேன். டெஸ்ட் தவறினால் பதவி உயர்வுக்கு இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று நீதானே எழுதியிருந்தாய். எஞ்சினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்க வேண்டுமாம். கணக்குப் போட்டால் 0.38 மில்லிமீட்டர். அளக்கிற தகடு நம்மிடம் ஏது? கௌரியம்மாள் டீச்சரைக் கேட்டுப் பள்ளி ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியில் கையில் கிடைத்ததையெல்லாம் அளந்தேன். போஸ்ட் கார்டு மெல்லிசு, நோட்டு அட்டை தடிமன், போன மாதம் வந்த கல்யாணப் பத்திரிகை 0.37. டீச்சரே கைதட்டிவிட்டார்.

நேற்று மத்தியானம் கிணற்றிலிருந்து எஞ்சினை வண்டியில் ஏற்றி வாசலில் இறக்கினோம். பத்திரிகை மூலையைப் பாயிண்டுக்கு நடுவே செருகி, லேசாகப் பிடிக்கிற அளவுக்கு நைனா சொன்னபடி திருகை முடுக்கினேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரம் மாமா எட்டிப் பார்த்து, இன்னா வேதாசலம், எஞ்சினுக்கே பத்திரிக வெக்கிறியா, மொய் எவ்ளோ எழுதணும் என்றார். அம்மா விடவில்லை. நீங்க மொய் எழுத வாணாங்க, தண்ணி வந்தா உங்க வரப்புல கசியாம பாத்துகினா போதும் என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது என் தப்பு. பிளக்கை வெளியே வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால் ஒரு பொறிகூட இல்லை. நைனாவின் பிழையிலாவது பொறி வந்தது, என்னால் அதுவும் போயிற்று. பொழுது சாய்வதற்குள் நாலு தடவை கழற்றி மாட்டினேன். வுட்டுடு பாப்பா, அவன் வரட்டும் என்றார் நைனா. அவன் வரக் கூடாதுங்க, நீ கழட்டுடி என்றாள் அம்மா. ஐந்தாவது தடவை கழற்றியபோது பாயிண்டின் வாயில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறார்களே, நான் செருகியது அந்த மூலையைத்தான்! மஞ்சள் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் எப்படிப் போகும்? மங்களத்துக்காகத் தடவியதை நான் துடைத்துப் பார்க்கக்கூட நினைக்கவில்லை. பெட்ரோல் துணியால் துடைத்து, பத்திரிகையின் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு துண்டு வெட்டி மறுபடி இடைவெளி வைத்தேன், பொறி விழுந்தது.

அடுத்தது நேரம் பார்ப்பது. சக்கரத்துக் கோடும் எஞ்சின் உடம்பில் இருக்கிற கோடும் நேராகிற அந்த இடத்தில்தான் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைப் பாயிண்டில் கடிக்கவிட்டு நைனா இடது கையால் இழுத்துப் பிடித்தார், நான் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன், அம்மா கோட்டைப் பார்த்தாள். முதலில் கோடு சேருவதற்கு முன்பே தாள் வந்துவிட்டது. அதுதான் நைனாவின் கையைத் திருகிய பிழை. பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டைக் கொஞ்சம் திருப்பினோம். மூன்றாவது முறை அம்மா, ஆங், நேரா கீது என்றதும் தாள் நழுவியதும் ஒன்றாக நடந்தது. கயிற்றை அம்மா இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமா வீட்டுக் கோழிகள் கூரைக்கு ஏறிவிட்டன.

இன்று விடியற்காலையிலிருந்து கிணற்றில் ஓடுகிறது. பத்து மணிக்குக் கடைசிப் பாத்தியிலும் தண்ணீர் ஏறியதை நானே வரப்பில் நின்று பார்த்தேன். நைனா சேற்றில் இறங்கி ஒரு கதிரை நசுக்கி, பால் வருதுடா என்று உன்னிடம் சொல்வதுபோலச் சொன்னார். நீ இங்கே இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது போல, கரையேறிவிட்டார்.

இனி நைனா சொல்வது: லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கு. இருபத்து நாலாம் தேதி டெஸ்ட் எழுதாமல் வந்து நின்றால் உன் பெட்டியை நான் வாசலில் இறக்க விடமாட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி தூக்கம் கெடாமல் படி. அம்மா சொல்வது: இருமலுக்கு மிளகு கொதிக்க வைத்துக் குடி. நான் கேட்பது: டெஸ்ட் முடிந்து வரும்போது இடைவெளி அளக்கும் தகடு ஒரு கட்டு வாங்கி வா, உனக்கில்லை, எனக்கு.

எல்லா நலமும் பெருக,
உன் நைனா
வேதாசலம்

(இடது கையால் போட்ட கையெழுத்து. கோணலாக இருக்கிறது, இன்னொரு தாளில் போடுங்கள் என்றேன். இதுவே போதும், அவன் நம்புவான் என்கிறார்.)