மான் ஏறி வர முடியாத தொட்டி

என் உயிருக்கு உயிரான மச்சான் கோதண்டத்துக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாதவன், இன்றைக்குக் காகிதத்தில் சொல்ல வந்திருக்கிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

ஆம்பூரில் நம் காண்ட்ராக்டரிடம் நான் பிளான் வரைவேன், நீ கட்டுவாய். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குத் தோலை ஊறப்போடும் தொட்டி கட்டுவதுதான் நம் பிழைப்பு. தோலில் ஒரு கீறல் விழக்கூடாது என்று உள்சுவரை நீ வழவழவென்று பூசுவாய், கை வைத்தால் வழுக்கும். என் தங்கையை உனக்குக் கொடுத்ததே அந்தக் கைவேலையைப் பார்த்துத்தான்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த கோடையில், மலைக்காட்டில் மிருகங்கள் தண்ணீர் குடிக்கத் தொட்டி கட்டும் வேலை வந்தது. எனக்குச் சோம்பல். தோல் தொட்டியின் பிளானையே எடுத்து அளவை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இன்னா மச்சான், உள்ள விழுந்தா எப்டி ஏறி வரும்?"

"பிளான்ல இருக்கறதக் கட்டு. ஜாஸ்தி பேசாத."

கட்டினாய். தொட்டி ததும்ப இருந்தவரை ஒன்றுமில்லை. தண்ணீர் இறங்கியதும், எட்டிக் குடிக்கப் போன ஒரு தாய்மானும் அதன் குட்டியும் உள்ளே விழுந்து செத்தன. ஃபாரஸ்ட்காரர்கள் நம்மை ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். உன் பூச்சின்மேல் குளம்பு கீறின கோடுகள். பாவம், எத்தனை முறை ஏறிப் பார்த்தனவோ!

யார் கட்டியது என்று ரேஞ்சர் கேட்டார். காண்ட்ராக்டர் உன்னைக் கை காட்டினார். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். ஏன் மச்சான் நீயும் வாய் திறக்கவில்லை?

அதற்கப்புறம் மானைக் கொன்ற கொத்தனாரை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? நாட்றம்பள்ளிப் பக்கம் ரோடு வேலைக்குக் கல் சுமக்கப் போனாய். அங்கேதான் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று பேசிவிட்டு வந்தேனே, நானும் ஒரு மனுஷனா?

முள் வெட்டிப் போட்டு மூடிவைத்திருந்த அந்தத் தொட்டியைப் போன மாதம் திருத்தச் சொன்னார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கச் சுவரை இடித்துச் சரிவாக்கி, கால் வழுக்காமல் கரட்டுக் கல் பதித்தேன். உன் பூச்சு லேசில் உடையவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

தண்ணீர் விட்ட நாலாம் நாள், புதர் மறைவிலிருந்து பார்த்தேன். ஒரு புள்ளிமான் சரிவில் இறங்கிக் குடித்துவிட்டு, சாவகாசமாக ஏறிப் போனது.

அங்கிருந்து நேராகத் தங்கையிடம் போனேன். பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தப்புப் பிளான் என்னுடையது, கோதண்டம் அன்றைக்கே கேட்டான், நான்தான் அடக்கினேன் என்று சொல்லி முடித்தேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்ணா. அவரு சொன்னாரு. அண்ணன் தானா வந்து சொல்லும், அதுவரைக்கும் நீ கேக்காதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

எனக்காக இவ்வளவு நாள் காத்திருந்தாயா மச்சான்?

நாளைக்குக் காண்ட்ராக்டரிடமும் ரேஞ்சரிடமும் போகிறேன். பிளான் என்னுடையது, கொத்தனார்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுப்பேன். இனி எந்த டீக்கடையில் உன் பேச்சு வந்தாலும் அதையே சொல்வேன். கோடைக்குக் கோடை அந்தத் தொட்டியை நானே கழுவி நிரப்புவேன். நாளைக்குக் கொடுக்கும் காகிதத்தில், அந்தப் பிளானில் போட்ட அதே கையெழுத்தைப் போடுவேன்.

இனிமேலாவது உனக்கு மச்சானாக இருக்கப் பார்க்கும்,
முனிரத்தினம்