இரண்டு நாள் முந்திய வெயில்

பிப்ரவரி 6, 2063. காலை 8.10
காவல் குடிசை, கறுப்புப்பல் சிகரத்தின் தோள், வலோம்ப்ர் ஊராட்சி, பிரெஞ்சு ஆல்ப்ஸ்.

வெப்பம் மைனஸ் ஒன்பது. காற்று இல்லை. மூன்று வாரமாக மூடுபனி. பதிவான நகர்வு: பூஜ்யம்.

அதிகாரபூர்வக் குறிப்பைத் துரை பிரெஞ்சில் எழுதிக்கொள்ளும். துரை என்பது இந்தச் சரிவைக் கண்காணிக்கும் இயந்திரம், பெயர் நான் வைத்தது. மரியாதையாகப் பேசும், ஒரு காரியத்துக்கும் அசையாது. அதன் கண் என் கூரையில் இருக்கிறது, மூளை எதிர்மலை மாதா கோயிலின் மணிக்கூண்டில். சரிவெங்கும் நட்டிருக்கும் கண்ணாடிகள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று அந்தக் கண் அளந்துகொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று நகர்ந்தால் கீழே ஊரில் சைரன் அலறும். சூரியப் புயலில் செயற்கைக்கோள்கள் செத்த பிறகு, மேலிருந்து பார்க்க வேறு ஆளில்லை.

இது என் சொந்தக் குறிப்பு. பெயர் ஜெசிந்தா, புதுச்சேரிக்காரி, தொழில் மலை அளப்பது. முணுமுணுக்க எனக்குத் தமிழ்தான் வசதி.

கதவு மறுபடியும் சிக்குகிறது. இழைத்து விட்டேன். கிண்ணத்தில் சூப் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது, மேசைக்காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்தேன். ஈரத்தில் மரம் ஊதியிருக்கும்.

பிப்ரவரி 8. பகல் 11.50
மூடுபனி விலகிவிட்டது. மைனஸ் நான்கு. நகர்வு பூஜ்யம்.

ஊர் தெரிகிறது. வடக்கே கோயில் மேடு, தெற்கே என் மலை, நடுவில் கிணற்றுக்குள் விழுந்தது போல வீடுகள், ஆறு, கல்பாலம். நவம்பரில் என் மலை வெயிலை மறைத்தால் மறைத்ததுதான். பிப்ரவரி பத்தாம் தேதி நண்பகலில்தான் முதல் வெயில் பாலத்தின் மேல் விழும். அன்று ஊரே துலக்கிய செப்பு வாணலிகளோடு பாலத்தில் நின்று, இருண்ட வீடுகளுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். என் கணவர் தைரியநாதன் அங்கே பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். வாணலியைப் புளி போட்டுத் தேய்ப்பவர் அவர் ஒருவர்தான், அதனால் ஊரிலேயே பளிச்சென்றது எங்களுடையது. அதில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

12.06
பாலத்தில் வெயில்! இன்றைக்கே!

ரேடியோவில் கத்தினேன். "வெயில் வந்தாச்சு! எல்லாரும் பாலத்துக்கு வாங்க!" மேயரம்மா கிளோதில்ட் சிரித்தார். "சூரியனுக்கே பொறுமை போயிடுச்சு போல. இதோ வர்றோம்."

12.19
கீழே வாணலிகள் மின்னுகின்றன. குழந்தைகள், தடியூன்றிய கிழவர்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது. சூரியன் எதற்காக முந்தி வரும்? அது வழக்கமான பாதையில்தான் போகிறது. மறைக்கிற மலை தாழ்ந்திருக்கிறது. இரண்டு நாள் வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டேன், பதினைந்து மீட்டர் வருகிறது.

குடிசைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பனிக்கு அடியில் நீளமான வெடிப்பு. கல்லைப் போட்டேன், விழுந்த சத்தமே கேட்கவில்லை. சிகரம், கண்ணாடிகள், குடிசை, துரையின் கண், நான், எல்லாம் ஒரே துண்டாகச் சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறோம். ஒன்றுக்கொன்று தூரம் மாறவே இல்லை. அதனால்தான் பூஜ்யம்.

கதவு சொன்னது, சூப் சொன்னது. எனக்கு ஏறவில்லை. ஊரையே கூப்பிட்டு மலைக்கு நேர்கீழே நிறுத்திவிட்டேன்.

12.24
துரை: "பதிவான நகர்வு பூஜ்யம். சைரனுக்கு முகாந்திரம் இல்லை. தங்கள் அக்கறைக்கு நன்றி."

மேயர்: "இயந்திரம் பூஜ்யம்னு காட்டுது, ஜெசிந்தா. நீங்கதானே வரச் சொன்னீங்க? மூணு மாசம் இருட்டுல கிடந்த ஜனங்க. கொஞ்ச நேரம் நிம்மதியா நிக்க விடுங்க."

கெஞ்சினேன், திட்டினேன். பாலத்தில் பாட ஆரம்பித்துவிட்டார்கள், அந்தச் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை.

12.31
கோடாலியால் ஒரு கண்ணாடிக் கம்பத்தை அடித்துச் சாய்த்தேன். சைரன் அலறியது, உடனே நின்றது.

துரை: "திடீர் இடப்பெயர்ச்சி. காட்டாடு மோதியிருக்கலாம். எச்சரிக்கை ரத்து."

நாசமாய்ப் போக. மெதுவாக நகர்ந்தால்தான் இதற்கு மலை.

12.37
இன்னொரு கண்ணாடியை அலுங்காமல் திருகி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். துரையின் பார்வையிலேயே சரிவில் இறங்குகிறேன். ஓர் அடி, நிறுத்தம், இன்னோர் அடி. கையில் குறிப்புக் கருவி, நிற்கும்போது எழுதுகிறேன்.

சைரன்! நிற்காமல் அலறுகிறது!

அவசரப்பட்டால் காட்டாடு என்று சொல்லும். நின்றே போனால் பூஜ்யம். எல்லோரும் கோயிலுக்கு ஏறி முடிக்கும்வரை நான் இப்படியே நடந்தாக வேண்டும்.

12.45
வாணலி மின்னல்கள் பாலத்தை விட்டுக் கோயில் மேட்டில் ஏறுகின்றன. அழுகையாக வருகிறது. கிழவர்கள்தான் பாதி வழியில் திணறுகிறார்கள்.

ஒரு மின்னல் மட்டும் பாலத்திலேயே நிற்கிறது. பளிச்சென்று, நேராக என் முகத்தில்.

ரேடியோவில் என் கணவர்: "எங்க இருக்க ஜெசிந்தா? எல்லாரும் மேல போறாங்க. நீ வா, சேர்ந்து போவலாம்."

"நான் எப்பவோ இறங்கிட்டேங்க. கோயிலாண்ட நிக்கிறேன். சீக்கிரம் மேல வாங்க."

பாலத்து மின்னல் விலகிப் போய், மறுபடி என் மேலேயே வந்து நின்றது.

"அப்ப என் வெளிச்சத்த மேலேர்ந்து யாரு திருப்பி அடிக்கிறது?"

இந்தக் கண்ணாடி வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதற்காகவே செய்த கண்ணாடி. மூடினால் அவர் நம்பி மேலே போவார், ஆனால் சைரன் நின்றுவிடும், கிழவர்கள் திரும்பிவிடுவார்கள். மூட முடியவில்லை. கடவுளே, மூட முடியவில்லை.

12.49
பாலத்தில் மின்னல் இல்லை.

12.51
மறுபடி தெரிகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம். என் பக்கம். மலைப்பாதையில் ஏறுகிறது.

"திரும்புங்க! உங்கள கையெடுத்துக் கும்பிடறேன், திரும்புங்க!"

"கத்தாத. மூச்சு வாங்குது. வந்துனே இருக்கேன்."

12.58
கடைசி வாணலியும் கோயில் வாசலுக்குப் போய்விட்டது. இனி மெதுவாக நடக்க வேண்டியதில்லை. கண்ணாடியை அவிழ்த்து எறிந்துவிட்டேன். ஓடப் போகிறேன்.

காலடியில் தரை உறுமுகிறது. கீழே பாதைத் திருப்பத்தில் அவர். வாணலியைக் கூட விடவில்லை. போ போ என்று கைகாட்டினால் பதிலுக்குக் கையாட்டுகிறார். இந்த ஆள் ஒரு நாளாவது நான் சொன்ன பேச்சைக்

பிப்ரவரி 8. பிற்பகல் 3.10
தானியங்கிப் பதிவு. கோயில் நிலையம்.

குடிசைக் கண்: சிக்னல் இல்லை. சரிவுக் கண்ணாடிகள்: சிக்னல் இல்லை. கல்பாலம்: காணவில்லை.

கோயில் வளாகத்தில் இருப்போர்: ஊர்ப் பதிவில் உள்ளவர்களில் இருவர் தவிர அனைவரும்.

வெயில்: பள்ளத்தாக்கு முழுவதும். பிப்ரவரி மாதத்தில் இந்த நேரத்தில் இதற்கு முன் பதிவானதில்லை. தெற்கே மறைப்பு எதுவும் இல்லை.

பதிவான நகர்வு: பூஜ்யம்.