உபவாச நாளில் நீ பிடித்த மீன்

உன் முதலாண்டு நினைவு அட்டை புதன்கிழமை சாயங்காலம் என் கைக்கு வந்தது. உன் மகளே கொண்டுவந்து கொடுத்தாள். வழவழப்பான ரோஜா நிறத் தாள், நடுவில் நீ. எந்தக் கல்யாணத்தில் எடுத்த படமோ, பட்டுப் புடவை கட்டி, முகமெல்லாம் பவுடர் அப்பி, சிரிக்கக்கூடாது என்று யாரோ அதட்டியதுபோல விறைத்துக்கொண்டு நிற்கிறாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கீழே போட்டிருந்த வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. 'மாதம் தவறாமல் உபவாச ஜெபத்துக்குச் சென்றுவந்த ஜெப வீராங்கனை.' படித்துவிட்டு வாசலிலேயே சிரித்துவிட்டேன். பாவம் உன் மகள், சித்திக்கு என்ன ஆயிற்று என்று முழித்தாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. நேற்று உன் நினைவுக் கூட்டமும் நடந்து முடிந்துவிட்டது. அங்கே நான் செய்ததை ஊரார் வாயிலிருந்து நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன்.

நீ ஒரே ஒரு உபவாச ஜெபத்துக்கும் போனதில்லை. இது உனக்கும் எனக்கும் பழவேற்காட்டில் படகு வைத்திருக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டினோம். நான் தையல் லைன், நீ தோல் செக்கிங். கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவி, எங்கே பழைய காயம் இருக்கிறது, எங்கே கனம் கம்மி என்று சொல்லுவாய். சூப்பர்வைசர் மிஷினை வைத்து அளந்து பார்த்துவிட்டு, நீ சொன்னதையே எழுதிக்கொண்டு போவான். ஒரு வருஷம் கம்பெனியில் நம்மையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி பழவேற்காட்டுக்கு டூர் கூட்டிப்போனார்கள். எல்லாரும் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, நீ மட்டும் முகத்துவாரம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே சின்னப் படகில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து, கையில் நூலைப் பிடித்து மீனுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். "நானும் இப்படி ஒக்காரணும்டி," என்றாய். "யாரும் டார்கெட் கேக்கக் கூடாது."

வீட்டில் கேட்டாய். உன் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, அதுதான் பேஜாரே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாய். அவர் சிரித்துக்கொண்டே, பொம்பளைக்கு இன்னா மீன்பிடி, கேட்டா ஊர் சிரிக்கும் என்று முடித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து, மெட்ராஸில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கிறதாம், போய்வரட்டுமா என்று கேட்டாய். அந்த மனிதர் தானே விடியற்காலையில் எழுந்து, வண்டியில் உன்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, எனக்காகவும் ஜெபம் பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். ரயில் ஏறியதும் நீ என் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தது இன்னும் எரிகிறது.

என்னைக் கேட்பார் யாரும் இல்லை. கட்டியவனை நான் விட்டு வந்து வெகுகாலம் ஆயிற்று. அதனால் சோறு கட்டுவது என் வேலை. உபவாசத்துக்குப் போகிறவள் டிபன் பாக்ஸோடு கிளம்ப முடியுமா? உனக்கும் சேர்த்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் நான்தான் தூக்கிவந்தேன். சென்ட்ரலில் இறங்கி, பொன்னேரிக்கு ரயில் மாறி, அங்கிருந்து பஸ். படகில் கால் வைக்கும்போது பத்து மணி ஆகிவிடும்.

நாம் தேடிப் போனது எருமை நாக்கு மீனை. பெயருக்கு ஏற்ற மாதிரியே தட்டையாக, மண் நிறத்தில், அடியில் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். முதல் மீனை நான் பிடித்தபோது நீ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். மேல்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. "நம்ம தோல் மாதிரியே இருக்குதுடி. மேல வழவழன்னு கிரெயின், அடியில சொரசொரன்னு பிளெஷ்," என்றாய். கம்பெனியை விட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்தும் உனக்குத் தோல்தான் ஞாபகம் வந்தது என்று திட்டினேன்.

அவசரப்பட்டு இழுத்தால் அந்த மீன் வராது. தூண்டிலில் மாட்டிய இறாலைக் கவ்விக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே சும்மா கிடக்கும். எனக்கோ தையல் மிஷின் கை, நூல் அசைந்தால் உடனே இழுத்துவிடும். நீ ஆள்காட்டி விரலில் நூலைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவாய். கீழே சேறு, இப்போது மணல், இப்போது ஏதோ மோப்பம் பிடிக்கிறது என்று நீ சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆமாம், பொறாமைதான். இப்போது சொல்வதற்கென்ன.

அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்குள் நமக்குக் கொஞ்சம் பழகிவிட்டது என்று படகுக்கார அண்ணன் நம்மை மட்டும் படகில் விட்டுவிட்டு, வேறொரு படகில் ஏறி அக்கரையில் வலை கட்டப் போனார். பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் வத்தம், தண்ணீர் வற்றிவிடும், படகு நகராது என்று இரண்டு தரம் சொன்னார். சரி என்று தலையாட்டினோம். பன்னிரண்டரை ஆனது. நாம் என்ன செய்தோம்? டிபன் பாக்ஸைத் திறந்தோம்! பதினெட்டு வருஷமாகப் பன்னிரண்டரைக்குச் சோற்றுச் சைரன் கேட்ட உடம்பு. அது பசிக்கத்தான் செய்யும், துடுப்பைத் தேடுமா? சாவகாசமாகச் சாப்பிட்டு, ஊறுகாய்க்குச் சண்டை போட்டு, கை கழுவக் குனிந்தால் தண்ணீரைக் காணோம். படகு சேற்றில் குந்திவிட்டது. இறங்கிக் காலை வைத்தாய், முழங்கால் வரை உள்ளே போனது. தூரத்திலிருந்து அந்த அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "தண்ணிக்கு உங்க சைரன் கேக்காதுக்கா!"

தண்ணீர் மறுபடி ஏறி வர, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்தோம். நான் கடைசி ரயிலை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ பின்பக்கம் போய் உட்கார்ந்தாய். அங்கே ஓடைபோல ஒரு கோடு தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதில் நூலைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாய். ரொம்ப நேரம் கழித்து மெதுவாக இழுக்க ஆரம்பித்தாய். நாலு வருஷத்தில் நாம் பிடித்ததிலேயே பெரிய மீன் அதுதான். அது படகுக்குள் விழுந்து துள்ள, நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேறு அப்பிய காலோடு அதன் பக்கத்தில் நின்று ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டாய். அப்படி ஒரு சந்தோஷத்தை உன் முகத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசி ரயிலைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரரிடம், ஜெபத்தில் நேரம் போனதே தெரியவில்லை என்றாய். மீன்? வரும் வழியில் மார்க்கெட்டில் வாங்கியது. அவர் ருசித்துச் சாப்பிட்டாராம்.

நீ போன பிறகும் நான் நிறுத்தவில்லை. போன மாதமும் போனேன். மூன்று மீன், எல்லாம் சின்னது. இந்த வயதில் தனியாகப் படகு எதற்கு என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். எந்த வயதில் போகலாம் என்று திருப்பிக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே. "நான் போய்ட்டேன்னா என்னை ரொம்ப நல்லவளாக்கிடுவாங்கடி. நீ உட்டுடாத." விடமாட்டேன் என்று சொன்னேன். ஆனால் அடக்கத்தன்று எல்லாரும் உன்னை ஜெபத்திலேயே கரைந்துபோனவள் என்று சொல்லி அழுதபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். பயந்துவிட்டேன். ஒரு வருஷம் அந்தப் பயத்தோடு இருந்தேன். வாழ்ந்த வாழ்வில் நீ உனக்கென்று எடுத்துக்கொண்டது மாதத்தில் ஒரு நாள். அதையும் பிடுங்கி வேறு எவளுக்கோ கொடுத்துவிட்டால் உனக்கென்று என்ன மிச்சம் இருக்கிறது?

நேற்று சபை ஹாலில் கூட்டம் நிறைந்திருந்தது. பாஸ்டர் நல்ல மனிதர், உருக்கமாகத்தான் பேசினார். பேச்சின் நடுவே, ஒரு நாள் இந்தச் சகோதரி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபத்திலேயே மூழ்கி, நேரம் போனது தெரியாமல், கடைசி ரயிலில் வீடு திரும்பினார் என்றார். உன் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நாள், அக்கரைக்கே கேட்கும்படி நீ ஊளையிட்ட அந்த நாள்! சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார்கள். நான் அந்தச் சபையின் ஆள்கூட இல்லை. எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன்.

"அன்னைக்கு அவ ஜெபத்துக்குப் போவல. என்கூட படகுல மீன் புடிச்சிகினு இருந்தா. நாலு வருஷமும் அதான்," என்றேன்.

பாஸ்டர் எனக்கு ஒரு வழி விட்டார். தண்ணீர்மேல் இருந்தாலும் ஜெபம் பண்ணலாமே சகோதரி, அவரும் அங்கே ஜெபித்திருப்பார் அல்லவா என்று கனிவாகக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். "இல்ல ஐயா," என்றேன். "மீன்தான் புடிச்சா."

உன் வீட்டுக்காரர் எழுந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. இனிமேல் எங்கள் வீட்டுப் படி ஏறாதேம்மா என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு வலிக்காமல் இல்லை. உன் வீட்டில் நான் சாப்பிட்ட சோறு கொஞ்சமா? ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சரி என்று மைக்கை வைக்கப் போனேன்.

அப்போது முதல் வரிசையிலிருந்து உன் மகள் கேட்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எவ்ளோ பெருசு சித்தி?"

ஹாலே என் கையைப் பார்த்தது. இரண்டு கையையும் அகட்டிக் காட்டினேன். அந்த மீன் ஒரு முழம் இருந்தால் அதிகம். நான் ஒன்றரை முழம் காட்டிவிட்டேன். உன்னை நல்லவளாக்க விடவில்லை, ஆனால் உன் மீனைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டேன். திட்டாதே. நீயாக இருந்தால் கூசாமல் இரண்டு முழம் காட்டியிருப்பாய்.