ஐந்து நிமிடம் பின்னால் நின்றவள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்க வேண்டாம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் நீ போனில் சொல்லப்போவதில்லை. உன் போன் எனக்குத் தெரியாதா, சரிம்மா வைக்கிறேன் என்று நீ சொல்லி முடிப்பதற்குள் அது அறுந்துவிடும், மீதியை நான் வெறும் போனிடம் பேசிவிட்டு வைப்பேன். அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆகிறது. இரண்டு ஊன்றுகோலில் ஒன்றை விட்டாயிற்று. பயிற்சி கொடுக்க வரும் பெண் காலைப் பத்துத் தடவை மடக்கச் சொன்னால் எட்டோடு நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணுக்கு எண்ணத் தெரியவில்லை என்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவரை ஒரே இடத்தில் உட்கார வைப்பது லேசான காரியமா. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேலே போகிற விமானத்தையெல்லாம் பார்த்து, இது நம்ம பொண்ணு அனுப்பினது, இது வேற யாரோ அனுப்பினது, பாரு கோணலாப் போகுது என்று தீர்ப்பு சொல்வதுதான் இப்போது அவருக்கு உத்தியோகம். நடுவில் மூன்று வாரம் மட்டும் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் உன் தங்கை உனக்குப் போன் செய்து அழுதாள். ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வேலையைப் பாரு என்று நீ சொன்னாய். அவள் போடவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அவள் வீம்பு உனக்குத் தெரியாததா. அதனால் முதலிலிருந்து நானே சொல்கிறேன். அவள் வேலை என்னவென்று எனக்கே இந்த மாதம்தான் ஒழுங்காகப் புரிந்தது. இத்தனை நாள் உயரமான கோபுரத்தில் நின்று விமானத்துக்குக் கை காட்டுகிறாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லையாம். ஜன்னலே இல்லாத ஒரு கூடம், அதில் வரிசையாகத் திரைகள், ஒவ்வொரு திரையும் வானத்தில் ஒரு துண்டு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நீ இறங்கு, நீ அங்கேயே இரு, நீ கொஞ்சம் இடது பக்கம் போ என்று விமானிகளிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும். எழுந்திருப்பவர், எந்த விமானம் எங்கே, எதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று வருகிறவரிடம் ஒன்றுவிடாமல் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகும் போய்விடக் கூடாது. ஹெட்செட்டைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். புதிதாக உட்கார்ந்தவரின் கண்ணில் அந்த வானம் பதிய அவ்வளவு நேரம் ஆகுமாம். எழுதி வைத்த சட்டம் இல்லை, அந்தக் கூடத்தில் தொன்றுதொட்டு இருக்கிற பழக்கம்.

இதில் வந்து சேர்ந்தவர்தான் அவர்களுடைய மேற்பார்வையாளர். அவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அட்டவணை. யாருக்கு எந்த ஷிப்ட் என்று கட்டம் போட்டு நிரப்பும் பிரிவிலிருந்து வந்தவர், திரை முன்னால் கடைசியாக உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். அப்படிப்பட்டவரை ஏன் தலைக்கு மேலே உட்கார வைத்தார்கள் என்று உன் தங்கையிடம் கேட்டேன். வேற யாரும் விண்ணப்பிக்கலைம்மா, நல்லா வேலை செய்யறவங்க யாரு திரையை விட்டுட்டுப் போய் லீவு லெட்டர் எண்ணுவாங்க, திரையைக் கண்டு பயப்படறவங்கதான் அந்த நாற்காலிக்குப் போவாங்க என்றாள். இரண்டு வருஷமாக நம் வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு நாலாவது ஆள் அந்த அட்டவணைதான். சந்தேகம் கேட்டால் புத்தகத்தைப் பார் என்பார், கூட்டம் அதிகமாகி இன்னொரு ஆள் வேண்டும் என்றால் சமாளி என்பார், எல்லாம் நல்லபடி முடிந்தால் மேலே போய் நான்தான் பார்த்துக்கொண்டேன் என்பார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இருபத்தாறு வருஷம் தையல் கம்பெனியில் பதினோரு மேற்பார்வையாளர்களைப் பார்த்தவள் நான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஆள்தான் ஒரு காலர் எத்தனை நிமிஷத்தில் முடியணும் என்று பின்னால் நின்று சொல்வார்.

அந்த ஐந்து நிமிடம்தான் அட்டவணைக்கு ஆகவில்லை. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பின்னால் நின்றால் ஓய்வு தள்ளிப்போகிறது, அடுத்தவர் வருவது தள்ளிப்போகிறது, அவருடைய கட்டங்கள் ஒத்துவரவில்லை. ஆள் மாறியதும் பழையவர் உடனே வெளியே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், திரையில் நல்ல கூட்டம், உன் தங்கை எழுந்திருக்கும் நேரம். அவள் இடத்துக்கு வந்தவர் மீசைக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, அந்தக் கூடத்திலேயே பழுத்த ஆள். இவள் ஒப்படைத்துக்கொண்டிருக்கும்போதே அட்டவணை தோள் பக்கம் நின்று கடிகாரத்தைத் தட்டி, எழுந்திரும்மா, உன் நேரம் முடிஞ்சுது, எழுந்திரும்மா என்று மூன்று தடவை சொன்னாராம். இவள் ஒன்பது விஷயத்தைச் சொல்லி, பத்தாவதை மறந்துவிட்டாள். எழுந்து இரண்டு அடி போனதும் ஏதோ விட்டுப்போன மாதிரி ஒரு உறுத்தல், திரும்பி வந்து உத்தரவை மீறி ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு பின்னால் நின்றாள். திரையில் விமானம் என்பது ஒரு புள்ளி, பக்கத்தில் அதன் பெயரும் உயரமும் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு புள்ளி நெருங்கி வந்தால் எழுத்தின்மேல் எழுத்து விழுந்து ஒன்று மறைந்துபோகும். அப்படி ஒரு பெரிய விமானத்தின் எழுத்துக்கு அடியில் ஒரு சின்ன விமானம் மறைந்திருந்தது, அதுதான் அந்தப் பத்தாவது விஷயம். மீசைக்காரர் மூன்றாவதாக ஒன்றை அந்த வழியாகக் கீழே இறக்க வாயைத் திறந்துவிட்டார். இவள் அவர் தோளில் கை வைத்துத் திரையைத் தொட்டுக் காட்டினாள். அவர் அந்த விமானத்தை மேலேயே நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. விமானத்துக்குள் இருந்தவர்கள் அந்த நேரம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

நீயோ நானோ என்றால் நல்ல வேளை என்று நெஞ்சில் கை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்போம். இவள் அன்று சாயங்காலமே, நடக்கவிருந்து நடக்காமல் போனதை எழுதிக் கொடுக்கும் படிவம் ஒன்று அவர்களுக்கு இருக்கிறதாம், அதை எடுத்து, நான் சொல்ல மறந்தேன் என்று முதல் வரியில் தன் தப்பை எழுதினாள். என்னை மூன்று தடவை அவசரப்படுத்தினார்கள் என்பதை இரண்டாவது வரியில் எழுதினாள். மறுநாள் அட்டவணை அவளை அறைக்குக் கூப்பிட்டு இரண்டு காகிதத்தைக் காட்டினார். ஒன்று, உத்தரவை மீறி நின்றதற்கு மெமோ. இன்னொன்று, ஒப்படைத்ததில் எந்தக் குறையும் இல்லை, நான் எதையும் மறக்கவில்லை, படிவத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவரே அடித்து வைத்தது. இதில் கையெழுத்துப் போடு, அதைக் கிழித்துவிடுகிறேன் என்றார். போடாவிட்டால் விசாரணை முடியும்வரை திரைப் பக்கமே வரக் கூடாது. அவர்களுடைய லைசென்ஸுக்கு மாதம் இத்தனை மணி நேரம் திரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், விட்டுப்போனால் பரீட்சை, பயிற்சி எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. எட்டு வருஷ உழைப்பு.

இந்த இடத்தில் நான் உன்னைத் திட்டலாம் என்று பேனாவை எடுத்தேன், ஆனால் எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. உனக்குப் போன் செய்வதற்கு முன்னால் அவள் என்னிடம்தான் கேட்டாள், நானும் போட்டுவிடு என்றுதான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, அந்தப் பேப்பர்ல நான் எதையும் மறக்கலைன்னு இருக்கும்மா, நான் மறந்தேன்ல, இதை மறைச்சா நாளைக்கு வேற யாராவது மறக்கும்போது பின்னால நிக்க ஆள் இருக்காது என்றாள். அப்போதுதான் உங்கள் அப்பாவிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, எனக்குப் பக்கத்து மெஷினில் ஒரு பெண்ணின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. மெஷினில் விரல் காப்பு ஒரு வாரமாக உடைந்து கிடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளே கழற்றி வைத்தாள் என்று மேற்பார்வையாளர் எழுதிய காகிதத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் அதற்கப்புறம் வேலைக்கு வரவில்லை. உன் தங்கை கேட்டுவிட்டு என் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மூன்று வாரம் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையில் தூசி தட்டினாள். அந்த மூன்று வாரமும் காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக அவள் ஷூவைப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்துவிடுவார். தூசி ரூமுக்கு எதுக்குப்பா பளபளப்பு என்று அவள் கேட்டால், நீ எந்த ரூமுக்குப் போனாலும் நடந்துதானே போகணும் என்பார். அவர் பேசிய பேச்சு மொத்தமும் அதுதான்.

கூடத்தில் நடந்தது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. இவளைத் திரையிலிருந்து எடுத்த மறுநாள் மீசைக்காரர் தன் நாற்காலியை ஒப்படைத்துவிட்டுப் போகாமல் பின்னால் நின்றாராம். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். யாரும் கூடிப் பேசவில்லை, மனுக் கொடுக்கவில்லை, எழுந்ததும் ஐந்து நிமிடம் நின்றார்கள், அவ்வளவுதான். இத்தனை பேருக்கு மெமோ அடித்தால் அட்டவணையில் நிரப்ப ஆள் இருக்காதே, அவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டி ஓய்ந்துவிட்டார். மீசைக்காரர் விசாரணைக் குழுவுக்குத் தன் கைப்பட, என் கண்ணில் படவில்லை, அவள்தான் பார்த்தாள் என்று எழுதிக் கொடுத்தார். முப்பது வருஷம் பேர் வாங்கிய மனுஷன் அப்படி எழுதுவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்.

குழுவின் தலைவி நரைத்த தலை அம்மாள், ஒரு காலத்தில் திரை முன் உட்கார்ந்தவர். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் மாறும் நேரத்தில் கூடத்துக்குள் வந்து நின்றார். ஒவ்வொரு திரைக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் பின்னால் நிற்கிறார். அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல பழக்கமா இருக்கே, எத்தனை நாளா இப்படி என்று கேட்டார். நம்ம அட்டவணைக்கு யாராவது பாராட்டினால் அது தனக்கு வரவேண்டிய பாராட்டு, அது அவருக்கு ஊறிப்போன புத்தி. எப்பவும் இப்படித்தான் மேடம், இதுல மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த கோப்பைத் திறந்து உன் தங்கைக்குக் கொடுத்த மெமோவை எடுத்து, அப்ப இந்தப் பொண்ணு எதுக்காக மூணு வாரமா தூசி தட்டுது என்று கேட்டாராம். திரையில் வேலை இருப்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் எல்லா முதுகும் குலுங்கியது என்று மீசைக்காரர் சொன்னார். நான் இதை அப்பாவுக்கு நாலு தடவை சொல்லிவிட்டேன், நாலு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிக்கிறார்.

மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடம் இப்போது எழுத்தில் விதியாகி, சுவரில் ஒட்டியிருக்கிறது, கீழே கையெழுத்து அட்டவணையுடையது. ஆமாம், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இவள் மறந்தது இவள் கோப்பில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அது ஆறவில்லை, அவளோ, நடந்ததுதானேம்மா, இருக்கட்டும் என்கிறாள். அடுத்த மேற்பார்வையாளர் இடத்துக்கு விண்ணப்பப் படிவம் ஒன்றை மீசைக்காரர் அவள் பையில் செருகிவிட்டிருக்கிறார். திரையை விட்டுட்டு நான் எதுக்குப் போகணும் என்று இரண்டு நாள் கத்தினாள். மூன்றாம் நாள் பார்த்தால் படிவத்தில் பெயர் மட்டும் நிரப்பியிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே நிரப்பட்டும், நிரப்பாமல் போனாலும் போகட்டும். எனக்கு இப்போதே நெஞ்சு நிறைந்திருக்கிறது. இப்படி ஒரு பெண்ணை நான்தான் பெற்றேன் என்று கடைத்தெருவில் நின்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது, காய்கறிக்காரரிடம் சொல்லியும்விட்டேன்.

திங்கட்கிழமை திரைக்குத் திரும்பினாள். மத்தியானம் போன் செய்து, அம்மா, எழுந்தேன், பத்து நிமிஷம் நின்னேன், யாரும் ஒண்ணும் சொல்லலை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எனக்குத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் அப்பா ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து பழையபடி தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணா, நேரத்துக்குச் சாப்பிடு, முதுகு வலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்றாயே, பார்த்தாயா என்று எழுது. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, எங்கள் இரண்டு பேர் ஆசியும் உன்னோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு விடுமுறை, அவளுக்குப் போன் செய். நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் சொல்லிவிட்டேன், ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. பேசி முடித்ததும் மட்டும் உடனே போனை வைத்துவிடாதே. அவள் முதலில் வைக்கட்டும். நீ கொஞ்ச நேரம் அப்படியே நில்.

இப்படிக்கு,
உன் மீதி வார்த்தையை எப்போதும் வெறும் போனிடம் பேசும்
அம்மா