அம்மா துளை போடும்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்

இயேசு மரி சூசை துணை

பழங்காநத்தம்,
மதுரை.

அன்புள்ள ஐரின் அக்காவுக்குத் தங்கை பெனிட்டா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் சுகம், ராஞ்சி மடத்தில் நீயும் மற்ற சகோதரிகளும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். இதே வரிதான் அம்மாவின் கடிதத்திலும் முதலில் இருக்கும். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அம்மா கடிதம் ஏன் என் கையெழுத்தில் வந்திருக்கிறது என்று யோசித்திருப்பாய். அம்மாவால் பேனா பிடிக்க முடியவில்லை அக்கா. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அக்கா கேட்டால் என்ன எழுத என்றதற்கு, “சுளுக்குன்னு போடுடி, அவ அங்க செபம் பண்ண விடாம மனசப் போட்டு கொழப்பிக்குவா” என்றாள். சுளுக்கு இல்லை. கரண்ட் அடித்தது. அம்மா உறங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இந்தத் தாளை எழுதுகிறேன், காலையில் உறையை ஒட்டும்போது உள்ளே வைத்துவிடுவேன். உங்கள் கடிதங்களை எல்லாம் மதர்தான் முதலில் பிரிப்பார் என்றும் அவருக்குத் தமிழ் தெரியாது என்றும் எழுதியிருந்தாய். தெரியாத தாள் ஒன்று அதிகமாக இருக்கிறதே என்று எடுத்து வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதனால் மேலே இங்கிலீஷில் அவசரம் என்று சிவப்புப் பேனாவால் எழுதி ஒரு சிலுவையும் போட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் வரை உன்னிடம் போனில் பேச முடியாது என்பதால் எனக்கு வேறு வழியில்லை.

அப்பா அடக்கத்துக்கு வந்துவிட்டு நீ ரயிலேறிய பிறகு, அம்மா கல்லறையில் ஒரு பீங்கான் தொட்டி கொண்டுபோய் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் இருபத்தைந்து வருட வேலைக்காகக் கொடுத்தார்களே, நீலப்பூ போட்ட பெரிய தொட்டி, அதுதான். அதில் ரோஜா நட்டிருந்தாள். இந்த வருடம் மழை வலுத்ததும் செடி கருத்து அடியோடு அழுகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் வேர் கையோடு வந்தது, அப்படி ஒரு நாற்றம். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கிறார், அதைத்தான் செடி காட்டுகிறது என்று அழுதாள். கல்லறை பார்த்துக்கொள்ளும் சுருளி ஐயா வந்து தொட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “தொட்டியில ஓட்ட இல்ல தாயி, மழத்தண்ணி போக வழி வேணாமா, வேறொண்ணுமில்ல, அழுகாதீக” என்றார். அம்மா காதில் அது விழவில்லை. அந்த வரிசையில் யாரும் வந்து பார்க்காத கல்லறைகள் நிறைய இருக்கின்றன. சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குள் அவை ஒவ்வொன்றிலும் உயிருள்ள செடி வைக்கிறேன், அப்பாவின் துளை போடும் மிசினால் என் கையாலேயே ஓட்டை போட்டு வைக்கிறேன், ஆண்டவரே, அவரைச் சீக்கிரம் மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளும் என்று அங்கேயே பொருத்தனை செய்துவிட்டாள்.

நம் தெரு அன்பியக் கூட்டத்தில் சொன்னதும் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். கல்யாணத்தில் வந்த பூச்சாடி, பழைய ஊறுகாய் ஜாடி, கைப்பிடி உடைந்த கூஜா என்று எல்லாம் பீங்கான், ஒன்றிலும் ஓட்டை இல்லை. பின்கட்டில் நடக்க இடமில்லாமல் அடுக்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டு மலையம்மாள் அத்தை சத்தம் தாங்காமல் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஏன் மதினி, மண்தொட்டி வாங்குனா அடியில ஓட்டையோடயே குடுப்பான். நீங்க கொடையுற கொடைச்சல்ல செத்தவுக எந்திரிச்சு வந்துருவாக போல” என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே, “வந்தா நல்லதுதான மலையம்மா, வரட்டும்” என்றாள்.

முதல் ஜாடி விரிசல் விட்டுப் பிளந்துபோனது. அதற்குப் பிறகுதான் முறை தெரிந்துகொண்டோம். தொட்டியைச் சாக்கின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். மிசின் முனையில் மாட்டும் பிட் வழுக்காமல் இருக்க நடுவில் பேப்பர் டேப்பைச் சிலுவைபோல ஒட்ட வேண்டும். சிம்மக்கல் கடைகளில் கேட்டால் டைல்ஸுக்குப் போடும் பிட் கொடுப்பார்கள், அதை முதலில் சாய்வாக வைத்து லேசாகத் தடம் பிடித்து, பிறகு நிமிர்த்தி, அழுத்தாமல் மெதுவாகச் சுற்றவிட வேண்டும். பிட் சூடேறினால் பீங்கான் வெடித்துவிடும், அதனால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரை ஊற்றுவது நான்தான் அக்கா. மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலோடு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் அரிசி களைந்தது போல வெள்ளையாக வழிந்து தரையெல்லாம் ஓடும். அதில்தான் அம்மா வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பாள். மிசின் ஒயரை எலி கடித்த இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது, அதுவும் அந்த ஈரத்தில்தான் கிடக்கும்.

ஜெர்சன் மாமா ஆரப்பாளையத்திலிருந்து வந்தபோது பார்த்துவிட்டுக் கத்தினார். “அக்கா, இந்த வீட்டுல எர்த்தும் கெடையாது, கரண்ட் அடிச்சா தானா அணையுற ட்ரிப்பரும் கெடையாது. தண்ணியையும் கரண்டையும் சேத்துவச்சு வெளாடுற. நான் பேட்டரி மிசின் கொண்டாரேன், அம்புட்டையும் ஒரே நாள்ல முடிச்சுருவோம்” என்றார். அம்மா, “அவுக மிசின்லதான்டா சொல்லியிருக்கேன். வேற மிசின்ல போட்டா அது ஒன் பொருத்தனை, என்னுது இல்ல” என்று அனுப்பிவிட்டாள். அதன்பிறகு நடந்தது மாமாவுக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு ஊறுகாய் ஜாடி. நான் ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் அதிகமாகி மிசின் மேலேயே தெறித்தது. அம்மா ஒரு மாதிரி சத்தம் போட்டாள். அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. கை மிசினோடு ஒட்டிக்கொண்டது, உடம்பு விறைத்துப் பின்னால் சாய்கிறாள், கை மட்டும் விடவில்லை. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அணைத்ததும் துணி விழுவது போல விழுந்தாள். அம்மா அம்மா என்று அடித்து எழுப்பினேன். கண் திறந்ததும் அவள் கேட்டது, “ஜாடி ஒடஞ்சுருச்சா?”

ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். அப்பாவின் ஜெபமாலையை என் கையில் கொடுத்து, மாமாவிடமும் பங்குச்சாமியாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். உன் பெயரை அவள் சொல்லவில்லை. நான் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று நினைத்திருப்பாள். இது சத்தியத்தை மீறுவதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, பாவமென்றால் நீ எனக்காக வேண்டிக்கொள். வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. ஆனால் மறுநாளே பாலிதீன் கவரை இரண்டு கையிலும் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, “இனி ஒண்ணும் செய்யாது, ஊத்துடி” என்று உட்கார்ந்துவிட்டாள். இடது கையால் பிடித்து வலது முழங்கையால் தாங்கிக்கொள்கிறாள். நான் ஊற்றுகிறேன். ஒவ்வொரு சொட்டுக்கும் அருள்நிறை மரியே சொல்கிறேன். வகுப்புக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறேன். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் மெயினை அணைத்து வைத்தேன். கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, தெருவிளக்கு எரிவதைப் பார்க்கும் வரை காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன. அப்பாவின் நீலப்பூத் தொட்டி மட்டும் பாக்கி. அதன் அடிப்பாகம் உள்ளங்கைத் தடிமன், சீக்கிரம் துளை விழாது, வெகுநேரம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். நாளை ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் போடலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். புதுச் செடிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அக்கா, பொருத்தனையை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கச் சாமியாருக்கு அதிகாரம் உண்டு என்று மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் போய்ச் சொல்ல முடியாது, நீ சொல்லலாம். மதரிடம் கேட்டு நம் பங்குச்சாமியாருக்கு ஒரு போன் போடச் சொல். அம்மாவுக்கும் எழுது. திட்டி எழுதாதே. அப்பா தவிக்கவில்லை, தண்ணீர் போக வழியில்லாமல்தான் செடி அழுகியது என்று எழுது. சுருளி ஐயா சொன்னதை நம்பவில்லை, நான் சொன்னால் “போடி, ஒனக்கென்ன தெரியும்” என்பாள், ஆனால் ஆண்டவருக்கே கொடுத்த பிள்ளை நீ எழுதினால் நம்புவாள். ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்னால் நாளை வந்துவிடும்.

அதனால் நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நாளை நான் தண்ணீர் ஊற்ற மாட்டேன். பாட்டிலை எடு என்பாள், எடுக்க மாட்டேன். அடிப்பாள், இடது கை அடிதானே, வாங்கிக்கொள்வேன். இரண்டு கையும் மிசினுக்கே வேண்டும், அவளே ஊற்றிக்கொள்ள முடியாது. தண்ணீரில்லாமல் வைத்தால் தொட்டி விரிசல் விட்டுவிடும் என்று அவளுக்கும் தெரியும். அதையும் மீறி வைத்தால் உடையட்டும் அக்கா. அவர் வேலைக்குக் கிடைத்த ஒரே பரிசை நீதான்டி உடைத்தாய் என்று சாகிற வரைக்கும் என்னைச் சொல்லட்டும். தலை நரைத்து, பல் விழுந்து, உன் துறவற வெள்ளி விழாவுக்கும் பொன் விழாவுக்கும் என்னோடு ரயிலில் ராஞ்சிக்கு வந்துகொண்டே சொல்லட்டும். நான் கேட்டுக்கொண்டே வருவேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. உன்னை மாதா தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும் என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவது போல நானும் எழுதுகிறேன், அம்மாவையும் அதற்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீ கேள். அம்மாவுக்கு எழுதும் பதிலை வீட்டுக்கு அனுப்பு, எனக்கு எழுதுவதாக இருந்தால் ஜெர்சன் மாமா விலாசத்துக்கு அனுப்பு. இது கிடைத்த அன்றே மறக்காமல் மதரிடம் கேள்.

உன் அன்புத் தங்கை,
பெனிட்டா