அண்ணாவின் கூகைக்கட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களுக்கும் அப்பாவுக்கும் மாதா துணையிருப்பாராக. உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? எனக்கு வந்த காய்ச்சல் சுகமாகிவிட்டது.

நேற்று ஸ்கந்தபுரம் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு ஆண் இனப்பெருக்கத் தொகுதி படிப்பித்தேன். வெட்கத்தில் கரும்பலகையைப் பார்த்தபடியே கதைத்தேன். ஜனார்த்தனன் என்ற மாணவன், "மீசை முளைச்சாக் காணும்தானே டீச்சர், பிள்ளை பிறக்க?" என்றான். வகுப்பே சிரித்தது.

"காணாது, அது மட்டும் போதாது" என்றேன். மீசையையும் பலத்தையும் தருகிற ரெஸ்ரோஸ்ரரோன் என்ற ஓமோனைச் சுரக்கும் கலங்கள் வேறு, விந்து உருவாகும் குழாய்கள் வேறு, ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யலாம் என்று விளக்கும்போதே அனிஸ்ரன் அண்ணாவின் நினைவு வந்தது.

பதினாறு வயதில் கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கி, பிறகு கீழே விதைகளும் வீங்கி, ஒரு கிழமை நடக்க முடியாமல் கிடந்தாரே. அது அந்தக் குழாய்களைக் கெடுத்திருக்கலாம். "தனியாளாய் வலை இழுக்கிற என்ர பிள்ளைக்கு என்ன குறை?" என்று கேட்டு, அண்ணாவைக் கட்டி ஐந்து வருடமாகப் பிள்ளையில்லாத ஸ்ரெல்லா மச்சாளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப்போவதாகப் போன கடிதத்தில் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தையும் மச்சாளைக் கொண்டே எழுதுவித்திருக்கிறீர்கள். முதலில் அண்ணாவை ஆசுபத்திரியில் சோதிக்கச் சொல்லுங்கள்.

வருகிறவர்களிடம் கொஞ்சம் கருவாடும், போர்த்திப் படுக்க உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். கடிதம் கொண்டுவருபவர் சைக்கிளோடு நிற்கிறார்.

மச்சாள், இதை அம்மாவுக்கு வாசித்துக்காட்டப்போவது நீங்கள்தான். கூகைக்கட்டு என்ற இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அம்மாவுக்குக் கேட்கும்படி வாசியுங்கள்.

பிரேமினி